கருத்தடை அறுவை: யாருடைய முடிவு?

எறையூர், வாலிகண்டபுரம், வி.களத்தூர், லெப்பைக்குடிகாடு என எங்கள் பெரம்பலூர் வட்டாரத்து இல்லங்கள் பலவற்றுக்கும் பழக்கமான காட்சி இது. இரண்டாம் குழந்தை பிறக்கும் நேரம், கணவர் வளைகுடாவில், தாயும் மாமியாரும் வெளியே. பிரசவ அறையில் இருக்கும் பெண்ணிடம், "கு.க. செய்துவிடலாமா?" என்று கேட்கப்படுகிறது. இக்கேள்வி பெண்ணிடம் மட்டுமே வந்து நிற்பது ஏன்? விடை நம் நாட்டின் அண்மைக்கால வரலாற்றில் உள்ளது.

1952-இல் குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக ஏற்ற முதல் நாடு இந்தியா. தொடக்கக் காலத்தில் அரசின் பார்வை பெரிதும் ஆண்கள் மீதே இருந்தது. சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலாளராக இருந்த ஆர். ஏ. கோபாலசாமி, ஆண்களுக்கான வாசெக்டமியை முனைந்து பரப்பினார். 1971-இல் கேரளத்தின் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் 60,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் பணமும் பரிசுப் பொருள்களும் பெற்று அறுவை செய்துகொண்டனர்.

பின்னர் நெருக்கடிநிலை வந்தது. ஊக்கம் வற்புறுத்தலாக மாறியது. 1976-77 என்ற ஓராண்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது; அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 1976 நவம்பரில், மேவாத் பகுதியில் முஸ்லிம்கள் வாழும் உத்தாவர் என்னும் சிற்றூரைக் காவல்துறை சுற்றிவளைத்து, ஆண்களைப் பிடித்துச் சென்றது. அந்தக் கசப்பு நம் சமுதாயத்தின் நினைவில் இன்றும் உண்டு. 1977 தேர்தலில் ஆட்சி கவிழ்ந்ததற்கு இக்கொடுமையும் ஒரு காரணமாயிற்று.

அதன்பின் ஆண்களை அணுக அரசுகள் அஞ்சின. திட்டத்தின் பெயர் 'குடும்ப நலம்' என்றானது. சுமை பெண்கள் மேல் இறங்கியது. ஆணுக்கான அறுவை எளியது, ஆபத்துக் குறைந்தது. ஆயினும் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவையைச் சார்ந்திருப்போர் 0.3 விழுக்காட்டினரே. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்த அறுவையைச் செய்துகொண்டுள்ளனர்.

இலக்கு முறை 1996-இல் கைவிடப்பட்ட பின்னரும் முகாம்கள் தொடர்ந்தன. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே நாளில் 83 பெண்களுக்கு அறுவை செய்யப்பட்டது. 13 பேர் உயிரிழந்தனர். இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்துமாறு 2016-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

இவ்வறுவையில் கருக்குழாய்கள் கட்டி வெட்டப்படுகின்றன. கருப்பையும் சூலகமும் அப்படியே இருக்கும், மாதவிலக்கும் தொடரும். மீண்டும் குழாய்களை இணைக்கும் அறுவை உண்டெனினும், அது பலன் தரும் என்ற உறுதியில்லை. எனவே இதனை நிரந்தரம் என்றே கொள்ள வேண்டும். பெண்ணின் முழு இசைவு இன்றி இதைச் செய்யலாகாது என்பதே அரசு விதி. காப்பர் டி, ஊசி, மாத்திரை, ஆணுறை ஆகிய தற்காலிக வழிகளும் உள்ளன.

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது? நபி (ஸல்) அவர்களின் காலத்தில் தோழர்கள் 'அஸ்ல்' செய்ததை ஜாபிர் (ரலி) அறிவித்துள்ளார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அதன் காரணங்களை ஆராய்ந்து, மனைவியின் உயிர்நலம் காப்பதையும் ஏற்கத்தக்க காரணமாகக் கொண்டார்கள். 1988-இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, தம்பதியர் கலந்து பேசி இசைந்தால் தற்காலிகத் தடை கூடும் என்றது. ஆணாயினும் பெண்ணாயினும் நிரந்தரமாகக் கருவாற்றலை அகற்றுவது ஷரீஅத் ஏற்கும் அவசியமிருந்தால் அன்றிக் கூடாது என்றும் முடிவு செய்தது. ஆகவே மருத்துவக் காரணத்தால் அறுவை செய்துகொண்ட சகோதரியை இழித்துப் பேச நமக்கு உரிமையில்லை. காரணமின்றி அவளை அதற்குத் தள்ளவும் உரிமையில்லை.

குழந்தையின் பால்குடியை நிறுத்துவதற்கே தாயும் தந்தையும் மனமொப்பி ஆலோசிக்க வேண்டும் என்று சூரா அல்பகரா கற்பிக்கிறது. அவ்வாறிருக்க, கருவாற்றலையே நிறுத்தும் முடிவைப் பிரசவ வலியின் நடுவே ஒருத்தியிடம் கேட்டுப் பெறுவது எவ்வாறு தகும்? ஏழாம் மாதத்திலேயே கணவரும் மனைவியும், தொலைபேசியிலாவது, அமர்ந்து பேசட்டும். மருத்துவரையும் ஆலிமையும் கேட்கட்டும். அன்று அரசு ஆண்களிடம் கேட்காமல் செய்ததை அநீதி என்கிறோம். அதே அநீதியை நம் வீட்டுப் பெண்களுக்கு நாமே இழைக்காதிருக்க அல்லாஹ் அருள்புரிவானாக.