கம்பெனி மறுத்தது, ஊர் சேர்ந்தது: டெக்சாஸ் பண்ணைகளுக்கு கரன்ட் வந்தது எப்படி?

அமெரிக்காவின் மிகப் பெரிய மின் விநியோகக் கூட்டுறவு, டெக்சாஸ் மாநிலத்தின் பெடர்னாலெஸ். 1930களில் இந்தப் பகுதிக்கு கரன்ட் தர யாருமே தயாரா இல்ல.

ஏன் மறுத்தாங்க?

ஆஸ்டின் நகருக்கு மேற்கே உள்ள மலைப்பகுதி இது. பண்ணை வீடுகள் தள்ளித் தள்ளி இருந்தன. பல மைல் கம்பி இழுத்தாலும் சில வீடுகளே கிடைக்கும், லாபம் வராது என்பது தனியார் நிறுவனங்களின் கணக்கு. தண்ணீர் இறைப்பது, துணி துவைப்பது எல்லாமே கைவேலைதான். அந்தச் சுமை பெண்கள் மேல விழுந்தது.

எப்போ மாறியது?

1935ல் அதிபர் ரூஸ்வெல்ட் ஊரக மின்மயமாக்கல் நிர்வாகத்தைத் தொடங்கினார். விவசாயிகள் கூட்டுறவு அமைத்தால் மின்பாதை போட அரசு கடன் கொடுத்தது. ஆனா மைலுக்கு 3 வீடாவது இருக்கணும். இங்கே அவ்வளவு வீடுகள் இல்ல. அப்போது தொகுதி எம்.பி.யாக இருந்த லிண்டன் ஜான்சன், ரூஸ்வெல்ட்டையே சந்தித்துப் பேசி கடனுக்கு வழி செய்தார். பின்னாளில் இவரும் அதிபரானார். 1938ல் கூட்டுறவு உருவானது. 1939ல் பண்ணை வீடுகளில் விளக்கு எரிந்தது.

யார் முதலாளி?

கரன்ட் வாங்குற ஒவ்வொருவரும் உறுப்பினர். இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அவர்களுக்கே. ஆனா நாளடைவில் அந்த உரிமை பெயரளவுக்கு ஆகிவிட்டது என்ற புகார் கிளம்பியது. 2007ல் நிர்வாகத்தை எதிர்த்து உறுப்பினர்களே கோர்ட்டுக்குப் போனாங்க. அதன் பிறகு, 2008ல் தேர்தல் விதிகள் மாறி, பலரும் போட்டியிட வழி திறந்தது.