கோலி பேடு எவ்வளவு பெருசா இருக்கலாம்? மதுரை கேலரியில் கிளம்பிய கேள்வி

2025 நவம்பர் 29. மதுரை ரேஸ்கோர்ஸ் ஹாக்கி மைதானம். ஜூனியர் உலகக் கோப்பையில் இந்தியாவுக்கும் ஓமனுக்கும் மேட்ச். இந்தியா அடித்தது 17 கோல், ஓமன் பூஜ்ஜியம். பத்தாவது கோல் விழுந்த நேரத்தில் பின்வரிசைத் தம்பி ஒருத்தன் கேட்டான்: “ஏண்ணே, அந்த கோலி இன்னும் அகலமான பேடா கட்டியிருந்தா இத்தனை கோல் போயிருக்காதுல்ல?”

சிரிச்சுட்டோம். ஆனா கனடா, அமெரிக்காவில் ஐஸ் ஹாக்கி பார்க்கிறவங்க பல வருஷமா மல்லுக்கட்டுற கேள்வியே இதுதான்.

முதல்ல நம்ம ஹாக்கி. சர்வதேசக் கூட்டமைப்பின் விதிப்படி, காலில் கட்டிய நிலையில் ஒரு பேடு 300 மி.மீ. அகலத்தைத் தாண்டக் கூடாது. கையுறை 228 மி.மீ. அகலம், 355 மி.மீ. நீளம். உடம்பை இயல்பைவிடப் பெருசாக்குற கவசம் எதுவும் கூடாது. அவ்வளவுதான், இதுல பெரிய சண்டை வந்ததில்லை. காரணம், கோல் போஸ்ட்டே 3.66 மீட்டர் அகலம், 2.14 மீட்டர் உயரம். பேடை ரெண்டு விரல்கடை கூட்டினாலும் அந்த வாசலை அடைக்க முடியாது. ஷூட் அவுட்டில் 8 விநாடிக்குள் முன்னேறி வர்றவரை மறிக்க ஓடணும், பாயணும். பெரிய பேடு கோலிக்கே சுமை.

ஐஸ் ஹாக்கி கதை வேற. அங்கே கோல் 1.83 மீட்டருக்கு 1.22 மீட்டர்தான். பரப்பளவில் நம்ம கோலில் மூணுல ஒரு பங்குகூட இல்லை. அதோட ‘பட்டர்ஃபிளை’ன்னு ஒரு உத்தி இருக்கு. முட்டி போட்டு, முழங்காலுக்குக் கீழே ரெண்டு காலையும் இருபக்கமும் ஐஸ் மேல விரிச்சு உட்காருவாங்க. அந்த நிலையில் பேடோட அகலம்தான் சுவரோட உயரம்! ஒரு அங்குலம் கூடினா சுவர் ஒரு அங்குலம் உசரும். இந்த உத்தியைப் பிரபலமாக்கியவர் பேட்ரிக் ராய்.

விளைவு? வட அமெரிக்காவின் என்.ஹெச்.எல். லீக்கில் 1981-82 சீசனில் ஒரு மேட்ச்சுக்கு ரெண்டு டீமும் சேர்ந்து சராசரியா 8 கோல் அடிச்சாங்க. 2003-04ல் அது 5 கோல் அளவுக்கு இறங்கிடுச்சு. உடனே 2005ல் பேடு அகலத்தை 12 அங்குலத்திலிருந்து 11 ஆக்கினாங்க. அடுத்த சீசனில் சராசரி 6ஐத் தாண்டியது. எல்லாம் பேடு செஞ்ச வேலைன்னு சொல்ல முடியாது, அதே வருஷம் வேறு பல விதிகளையும் மாத்தியிருந்தாங்க. (அந்தப் பழைய 12 அங்குலம் நம்ம 300 மி.மீ.க்குக் கிட்டத்தட்ட சமம். அதே அளவு இங்கே சாதாரணம், அங்கே சர்ச்சை!)

கோலிகள் சும்மா இருப்பாங்களா? 2018-19ல் மார்புக் கவசத்தைச் சுருக்கியதும், அடி நேரா உடம்புல இறங்குதுன்னு சில கோலிகள் வெளிப்படையாவே புலம்பினாங்க. அது நியாயமான புலம்பல். வலி தாங்கக் கட்டுறது வேற, கோலை மறைக்கக் கட்டுறது வேற. ஆனா ரெண்டுக்கும் ஒரே ஃபோம்தான். கோடு எங்கே போடுறது?

லீக் கண்டுபிடிச்ச வழி எனக்குப் பிடிச்சிருக்கு. எல்லாருக்கும் ஒரே அளவுங்கிறதோட நிறுத்தாம, பேடு தொடை வரை எவ்வளவு உசரலாம் என்பதை அந்தந்த கோலியோட கால் நீளத்தை வெச்சு முடிவு பண்ணாங்க. ஒல்லியானவர் குண்டானவர் சட்டையைப் போட்டு கோலை அடைக்க முடியாது.

இந்த இடத்துலதான் நம்ம ஊர் ஞாபகம் வருது. மதுரையிலிருந்து தெற்கே நாலுவழிச் சாலையில் போனா கோவில்பட்டி, ஹாக்கிக்குப் பேர் போன ஊர். அங்கிருந்து மதுரை வரைக்கும் கரிசல் கிரவுண்டுகளில் ஸ்டிக் பிடிக்கிற பசங்க ஏராளம். நான் படிச்ச பள்ளியில் இருந்தது ஒரே ஒரு கோலி செட். பெரிய பசங்க அளவு. எட்டாவது படிக்கிற பையன் கட்டினா முழங்காலுக்கு வர வேண்டிய மடிப்பு தொடையில் நிக்கும். ஓடினா பேடு சுத்திக்கும், பக்கவாட்டில் கணுக்கால் மேலே பந்து விழும். இங்கே பெரிய பேடு ஏமாத்து வேலை இல்லை, ஆபத்து.

சொந்தமா வாங்கலாமேன்னா விலை இருக்கே! கேரளாவில் ஸ்ரீஜேஷ் சின்னப் பையனா இருந்தப்போ, அவருக்கு கோலி செட் வாங்க அப்பா வீட்டுப் பசுமாட்டை வித்தார். அந்தப் பையன்தான் டோக்கியோ, பாரிஸ்னு ரெண்டு ஒலிம்பிக் வெண்கலம் வாங்கினார். 2025ல் மதுரைக்கு வந்த ஜூனியர் டீமுக்குக் கோச்சும் அவரே.

உங்க தம்பி, தங்கச்சி கோலி நிக்கிறாங்கன்னா ஒரு விஷயம் பாருங்க. விதி கட்டாயம்னு சொல்றது ஹெல்மெட், கால் பேடு, ஷூ மேல மாட்டுற கிக்கர் மட்டும்தான். கழுத்துக் காப்பும் மார்புக் கவசமும் அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை. பெனால்டி கார்னரில் முதல் ஷாட்டை ஓங்கி அடிச்சா 460 மி.மீ. உயரத்துக்கு மேல போகக் கூடாது. ஆனா டிராக் ஃப்ளிக்குக்கு அந்த வரம்பு கிடையாது, நேரா நெஞ்சுக்கும் கழுத்துக்கும் வரும். காசு கொஞ்சம்தான் இருக்குன்னா பேடு பளபளன்னு இருக்கான்னு பார்க்காதீங்க. பேட்டோட மடிப்பு முழங்காலில் உட்காருதா, பத்தடி ஓடினா திரும்பாம நிக்குதா பாருங்க. மிச்சக் காசை கழுத்துக்கும் நெஞ்சுக்கும் போடுங்க.