கடற்றந்தியும் கதிர்ப்படமும்

கடலோடு வாழும் திருகோணமலைத் துறைமுகத்தார்க்கு இவ்வரலாறு சுவைதரும். கடலடித் தந்திக்கம்பியைச் சோதிப்பதற்குப் பெருந்தடையுள்ள பொருள் வேண்டி, ஆங்கிலப் பொறியாளர் வில்லோபி ஸ்மித் செலீனியக் கோல்களைக் கையாண்டார். தடையோ நிலைகொள்ளாது மாறிற்று. வேறொருவராயின் கோல்களை வீசியெறிந்திருப்பர். ஸ்மித்தும் உதவியாளர் மேயும் காரணம் தேடினர்: மூடினால் தடை ஏறிற்று; ஒளிபட இறங்கிற்று. 1873இல் ஸ்மித் இதனை உலகறியச் செய்தார்.

எக்ஸ் கதிர் பட்டாலும் செலீனியத்தில் மின்னேற்றங்கள் விடுபடும். ஆனால் பளிங்குருச் செலீனியம் இருளிலும் மின்னைக் கசியவிடும். ஆதலால் பளிங்குருவற்ற செலீனியமே மருத்துவத்துக்கு உகந்ததாயிற்று. 1970களில் அது பூசிய தகட்டில் மார்பகப் படமெடுத்து, நீலத்தூளால் காகிதத்தில் பதித்தனர். பின்வந்த கருவிகளிலே கதிர் ஒளியாகாமல் நேரே மின்னாகிறது. ஒளி சிதறி மங்குதல் இன்மையால், புற்றின் முதற்குறியாகக்கூடிய நுண்ணிய சுண்ணப் புள்ளியும் மருத்துவர் கண்ணுக்குத் தெளிவாய்ப் புலப்படுகிறது.