நம்ம கண்ணில் படித்த மெஷின்

சீனி வருத்தம் கண்ணுக்குள் இறங்கும்போது பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. வலி இருக்காது, பார்வையும் மங்காது. விழித்திரையில் சின்னச் சின்ன இரத்தப் புள்ளிகள் மட்டும் இருக்கும். அதைப் படம் பிடித்து, படத்தைப் படிக்க ஆள் வேண்டும். ரத்தோட்டைக்கு மேலே லயத்தில் இருக்கிற ஒரு அம்மா அதுக்காக மாத்தளை டவுனுக்கு இறங்கினால் அன்றைக்குப் பேர் போச்சு. படம் படிக்கிற அந்த ஆளின் வேலையைக் கொம்பியூட்டர் செய்யுமா என்ற கேள்விக்கு அறுபது வருட வரலாறு இருக்கு.

1963இல் அமெரிக்காவில் க்விலிம் லொட்விக் என்ற எக்ஸ்ரே டொக்டர், நுரையீரல் புற்றுநோய்ப் படங்களில் கண்டதை எண்களாக எழுதிக் கொம்பியூட்டருக்குக் கொடுத்தார். உண்மையில் அது படத்தைப் பார்க்கவே இல்லை. அவர் பார்த்து எழுதியதை அது கணக்குப் போட்டது, அவ்வளவுதான். 1980களில் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் குனியோ டொய் குழு வேறு வழி பிடித்தது: மெஷின் சந்தேகமான இடத்தில் குறி போடட்டும், முடிவை டொக்டர் எடுக்கட்டும். இந்த அடக்கம் எனக்குப் பிடிச்சிருக்கு.

ஆனா சந்தைக்கு வந்ததும் அடக்கம் போயிட்டு. மார்பகப் படம் பார்க்கும் மெஷினுக்கு 1998இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. ஆஸ்பத்திரிகள் வாங்கிக் குவித்தன. 2007இல் 43 நிலையங்களை ஆராய்ந்த அறிக்கை வந்தது. மெஷின் வந்த இடங்களில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை ஏறக்குறைய 20 வீதம் கூடியிருந்தது. கண்டுபிடித்த புற்றுநோய்? சொல்லிக்கொள்ளும்படி கூடவில்லை. வீணாகப் பயந்த பெண்கள்தான் கூட.

அந்த மெஷின்களுக்கு எது சந்தேகம் என்பதைப் பெரும்பாலும் மனிதர்களே விதியாக எழுதிக் கொடுத்தார்கள். 2016இல் கூகுள் வெளியிட்ட ஆய்வில் விதி கொடுக்கவில்லை, படங்களைக் கொடுத்தார்கள். 54 டொக்டர்கள் தரம் பிரித்த 1,28,175 விழித்திரைப் படங்கள். அதில் ஒரு பங்கு அமெரிக்காவிலிருந்து. இன்னொரு பங்கு இந்தியாவின் மூன்று கண் ஆஸ்பத்திரிகளிலிருந்து. மதுரையில் டொக்டர் வெங்கடசாமி 1976இல் 11 கட்டிலோடு தொடங்கிய அரவிந்த் அதில் ஒன்று. சென்னை சங்கர நேத்ராலயா இன்னொன்று.

இதை வாசிக்கும்போது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. கோப்பிக் காலத்தில் மன்னாரில் இறங்கி, காடு வழியே தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு நடந்து வந்த நம்ம ஆட்கள் விட்டு வந்த ஊர்கள்தானே மதுரையும் திருச்சியும் புதுக்கோட்டையும். நம்ம சொந்தக்காரங்க கண்ணும் அந்த மெஷினுக்குப் பாடம் சொல்லியிருக்கலாம்.

ஆய்வில் மெஷின் நல்லாத்தான் பாஸ் பண்ணியது. பிறகு தாய்லாந்தில் 11 கிராமத்து, நகரத்துக் கிளினிக்குகளில் வைத்துப் பார்த்தார்கள். முதல் ஆறு மாதத்தில் 1,838 படங்கள் போட்டதில் 21 வீதத்தை மெஷின் ஏற்கவே இல்லை. பல இடங்களில் அறையை இருட்டாக்க வசதியில்லை, அதனால் படம் தெளிவில்லை. இன்டர்நெட் இழுத்து இழுத்து வந்தது. படம் நிராகரிக்கப்பட்டவர் இன்னொரு நாள் தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போகணும். வேலையை விட்டுட்டுப் போகணுமே என்று பரிசோதனைக்கே தயங்கியவர்களும் இருந்தார்கள்.

நக்கிள்ஸ் அடிவாரத்தில் மழை நாளில் போன் சிக்னல் எப்படி என்று நமக்குத் தெரியும். நாளைக்கு இப்படி ஒரு மெஷின் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வந்தால், அது எத்தனை வீதம் சரியாகச் சொல்லும் என்று விளம்பரத்திலேயே இருக்கும். படம் விழாமல் போன அம்மாவை யார், எந்த வாகனத்தில் கண்டிக்குக் கூட்டிப் போவது, அன்றைய பேரை யார் போடுவது என்று நாங்கதான் கேட்கணும்.