பிலிமின் சாயலைத் தேடும் டிஜிட்டல் படம்

லுணுகலையின் தேயிலை மலைகளிலே பனி விலகும் வேளை. கொழுந்து பறிப்போரை ஒரு படக்கருவி நோக்குகின்றது எனக் கொள்வோம். வானம் வெண்மை, தேயிலைச் செடியோ கரும்பச்சை, லயன்களின் தகரக் கூரையிற் படும் வெயில் கண்ணைக் கூசச் செய்கின்றது. இக்காட்சியைப் பிலிம் ஒருவிதமாகவும் டிஜிட்டல் கருவி வேறுவிதமாகவும் காணும். பின்னதை முன்னதுபோலத் தோன்றச் செய்யும் கலையின் வரலாறு அறியத்தக்கது.

இரண்டிற்கும் உள்ள வேற்றுமைகளுள் மூன்று முதன்மையானவை. முதலாவது அசைவு. பேசும்படம் தோன்றிய 1920களின் இறுதியிலிருந்து திரைப்படம் செக்கனுக்கு 24 படங்கள் என்ற கணக்கிலே ஓடிவந்தது. 1982ஆம் ஆண்டு தொடங்கிய ரூபவாஹினி பின்பற்றிய தொலைக்காட்சி முறையிலோ செக்கனுக்கு 25 படங்கள். ஒவ்வொன்றும் இரு பாதியாகி, 50 கணங்கள் கண்ணுக்குத் தெரிந்தன. ஆகவே வீடியோவின் அசைவு செய்திப்படம்போல் இருந்தது. சினிமாவின் அசைவிலோ சிறிது கனவுத்தன்மை கலந்திருந்தது. இரண்டாவது ஒளி. பிலிமின் வெள்ளி உப்புக்கள் மிகுந்த ஒளியைப் படிப்படியாகவே ஏற்று நிறைவெய்தும். பழைய வீடியோவில் எல்லை கடந்த ஒளி வெறும் வெள்ளையாகிவிடும்; தகரக் கூரையின் வரிகள் மறைந்துபோம். மூன்றாவது, படத்துக்குப் படம் மாறி அசையும் நுண்மணிகள்.

இவ்விடைவெளி குறையத் தொடங்கியது 2000ஆம் ஆண்டளவிலாகும். அவ்வாண்டு வெளிவந்த ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ’ என்னும் அமெரிக்கப் படம் பிலிமில் எடுக்கப்பட்டு, முழுவதும் கணினியில் நிறம் சீரமைக்கப்பட்டது. ஒளிப்பதிவாளர் ரொஜர் டீக்கின்ஸ் கோடைகாலப் பசுமையை உலர்ந்த பொன்னிறமாக மாற்றிக் காட்டினார். 2002இல் ஜோர்ஜ் லூக்கஸ், செக்கனுக்கு 24 படம் பதியும் சோனி டிஜிட்டல் கருவியைத் தமது ‘ஸ்டார் வோர்ஸ்’ வரிசைப் படமொன்றுக்குக் கையாண்டார். தமிழிலும் பி. சி. ஸ்ரீராமின் ‘வானம் வசப்படும்’ 2004இலும், கமல்ஹாசன் நடித்த ‘மும்பை எக்ஸ்பிரஸ்’ 2005இலும் டிஜிட்டல் முறையிலே உருவாயின.

இன்று நிறச் சீரமைப்பாளர் மிகையொளியை மெல்ல வளைத்துத் தணிக்கின்றார். விளக்கொளியின் ஓரத்திற் செந்நிறச் சாயல் சேர்க்கின்றார். உண்மைப் பிலிமினின்று பெற்ற மணிகளை மேலே படியவைக்கின்றார். படச்சட்டம் இலேசாக ஆடவும் செய்கின்றார். 2023இல் வெளிவந்த ‘தி ஹோல்டோவர்ஸ்’ இவ்வாறே 1970ஆம் ஆண்டின் தோற்றத்தைப் பெற்றது. 2021இன் ‘டூன்’ படத்தையோ டிஜிட்டலில் எடுத்து, பிலிமுக்கு மாற்றி, மீண்டும் டிஜிட்டலாக்கினர். ஆயினும், எடுக்கும்போதே வெள்ளையாகிப்போன கூரையை எந்தக் கணினியும் மீட்டுத் தராது. ஒளியைச் சற்றுக் குறைத்து எடுப்பதே இக்கலையின் முதற்படி.

ஒரு காலத்திலே குறை எனக் கருதப்பட்டவற்றை இன்று முயன்று சேர்ப்பது விந்தையே. ஆனால் இதில் எச்சரிக்கையும் வேண்டும். 1934இல் பசில் ரைட் எடுத்த ‘சோங் ஒஃப் சிலோன்’ தேயிலைத் தோட்டங்களையும் பதிவுசெய்தது, அது சான்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் மலைநாட்டை விட்டுப் பிரிந்த குடும்பங்களின் துயரை இன்று ஒருவர் நடிகரைக் கொண்டு எடுத்து, மணியும் கீறலும் சேர்க்கலாம், அது கலை. ஒன்றை மற்றொன்றென வருங்கால மாணவர் மயங்கின், தம் முன்னோர் வரலாற்றையே தவறாகப் படிப்பர். ஆகவே புனைந்த காட்சி புனைந்ததென்று படத்திலேயே குறிக்கப்படல் வேண்டும்.

உண்மைப் பழம்படங்களைக் காப்பதற்கும் இதே கணினி துணைபுரிகின்றது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘நிதானய’ 2013இல் டிஜிட்டல் முறையிலே புதுப்பிக்கப்பட்டது. இத்தகைய பணியிலே கீறலை நீக்கலாம். பிலிமின் இயல்பான மணிகளைத் துடைத்தல் ஆகாது. பழமையின் சாயலைப் புதிதாகப் படைக்கும் உழைப்பில் ஒரு பங்கேனும், மலைநாட்டின் உண்மையான பழம்படங்களைத் தேடிக் காப்பதிற் செலவாகுமாயின், அக்கருவி பெற்ற பயன் பெரிதாகும்.