குறுக்குவிசைக்கும் ஒரு வரலாறு உண்டு: நீட்சிகளைத் தேர்ந்தெடுக்கும் முன்...



கணினிக் கூடத்தில் நிரல் எழுதப் பழகும் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் அடிக்கடி ஒரு கேள்வியை எழுப்புவதுண்டு. "விஷுவல் ஸ்டூடியோ கோட் என்னும் நிரல் திருத்தியை வீட்டுக் கணினியில் நிறுவிவிட்டோம். இனி எந்தெந்த நீட்சிகளைச் சேர்க்க வேண்டும்?" என்பதே அது. நிரலின் பழைய பதிப்புகளைக் காட்டும் நீட்சிகளும், குறுக்குவிசைகளை மாற்றித்தரும் நீட்சிகளும்தாம் முதலில் அவர்கள் கண்ணில் படுகின்றன. 'கட்டாயம் வேண்டியவை' என்னும் தலைப்பில் இணையமெங்கும் பட்டியல்கள் குவிந்து கிடக்கின்றன.

இன்னொரு பட்டியல் தருவது என் நோக்கமன்று. இவ்விரண்டும் எப்படித் தோன்றின என்னும் வரலாற்றை அறிந்தால், எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது எளிதில் விளங்கும் என்று நம்புகிறேன்.

பதிப்புக் கட்டுப்பாடு வளர்ந்த கதை

ஒரு கோப்பில் யார், எப்போது, எதை, ஏன் மாற்றினார் என்பதைப் பதிந்து வைத்து, வேண்டும்போது பழைய நிலைக்குத் திரும்ப வழி செய்வதே பதிப்புக் கட்டுப்பாடு எனப்படும். 1972ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராச்கைண்ட் என்பவர் இதற்கென எஸ்.சி.சி.எஸ். என்னும் மென்பொருளை உருவாக்கினார். பத்தாண்டுகளுக்குப் பின், 1982இல், பர்டூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்டர் டிச்சி ஆர்.சி.எஸ். என்னும் முறையை அளித்தார். ஆர்.சி.எஸ். முறையில், கோப்பைத் திருத்த விரும்புகிறவர் அதைப் பூட்டிக்கொண்டு எடுப்பது வழக்கம். நூலகத்தில் ஒரே ஒரு படி உள்ள நூலைப் போல, ஒருவர் திருப்பித் தரும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும்.

இந்தப் பூட்டுக்குத் தீர்வு கண்டவர் ஓர் ஆசிரியர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. ஆம்ஸ்டர்டாமின் விரிய பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டிக் குரூன், 1984-85ஆம் ஆண்டுகளில் தம் மாணவர் இருவரோடு சேர்ந்து ஒரு தொகுப்பியை உருவாக்கிக்கொண்டிருந்தார். மூவருக்கும் வேலை நேரம் வெவ்வேறு. ஒருவர் பகலில் ஒழுங்காக வேலை செய்பவர். மற்றவருக்குக் குறித்த நேரமில்லை. ஆசிரியருக்கோ மாலை வேளைதான் ஓய்வு. பூட்டிவைத்த கோப்புக்காக ஒருவருக்காக ஒருவர் காத்திருந்தால் வேலை நகராது. எனவே, மூவரும் தத்தம் படியில் தனித்தனியே திருத்தி, பின்னர் இணைத்துக்கொள்ளும் வழியை அவர் அமைத்தார். அதுவே 1986இல் சி.வி.எஸ். என்று வெளியாயிற்று. அதன் குறைகளைக் களையும் முயற்சியாகச் சப்வர்ஷன் 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது.

இன்று உலகெங்கும் பரவியிருக்கும் 'கிட்' பிறந்தது ஒரு நெருக்கடியில். லினக்ஸ் கருவை உருவாக்குவோர் 2002 முதல் பிட்கீப்பர் என்னும் வணிக மென்பொருளை இலவச உரிமத்தில் பயன்படுத்தி வந்தனர். 2005இல் அவ்வுரிமம் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கினார். சில நாள்களிலேயே கிட்டின் மூலநிரலைக் கிட்டிலேயே பதிந்து வைக்கும் அளவுக்கு அது வளர்ந்துவிட்டது. முழு வரலாறும் ஒவ்வொருவர் கணினியிலும் இருப்பதே இதன் சிறப்பு. நடுவில் இருக்கும் ஒரு கணினி பழுதானாலும் வேலை அழியாது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிவது யாது? பதிப்பைக் காப்பது கிட். நீட்சி என்பது அதைப் பார்க்க உதவும் சன்னல் மட்டுமே. 2016இல் வெளிவந்த கிட்லென்ஸ், ஒவ்வொரு வரியையும் இறுதியாக மாற்றியவர் யார் என்பதை அவ்வரியின் அருகிலேயே காட்டுகிறது. பலர் கூடிச் செய்யும் பெரும்பணிக்கு அது நல்ல துணை. எனினும் அதன் சில வசதிகளுக்குக் கட்டணம் உண்டு. தொடக்க நிலை மாணவர்க்குத் திரையில் செய்தி மிகுதி. கிட் கணினியில் இருந்தால், மாற்றங்களை ஒப்பிடவும், பதியவும், மீட்கவும் விஷுவல் ஸ்டூடியோ கோட்டில் உள்ள வசதியே போதும். தொடங்கும் பிள்ளைக்குத் தனி நீட்சி தேவையில்லை என்பது என் கருத்து.

விசைகள் எங்கிருந்து வந்தன?

1976ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பில் ஜாய் என்னும் மாணவர் 'வி.ஐ.' என்ற திருத்தியை எழுதினார். அவர் பயன்படுத்திய ஏ.டி.எம்.-3ஏ முனையத்தில் தனி அம்புக்குறி விசைகள் இல்லை. எச், ஜே, கே, எல் ஆகிய நான்கு எழுத்துகளின் மீதே அம்புகள் வரையப்பட்டிருந்தன. எஸ்கேப் விசையோ, இன்று டேப் விசை இருக்கும் இடத்தில் விரலுக்கு எட்டும் தொலைவில் இருந்தது. அதனால்தான் வி.ஐ. வழிவந்த 'விம்' திருத்தியில் இன்றும் அதே நான்கு எழுத்துகள் சுட்டியை நகர்த்துகின்றன. அந்த முனையம் மறைந்துவிட்டது. அதன் விசையமைப்பு மட்டும் வாழ்கிறது!

மற்றொரு மரபு, ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் தோன்றியது. அங்கே லாரி டெஸ்லர், டிம் மாட் ஆகிய இருவரும் 1970களின் நடுப்பகுதியில் வெட்டுதல், படியெடுத்தல், ஒட்டுதல் என்னும் செயல்முறைக்கு வடிவம் தந்தனர். ஒரே விசை, ஒரு வேளை எழுத்தாகவும் மறுவேளை கட்டளையாகவும் மாறுவதைக் கடுமையாக எதிர்த்தவர் டெஸ்லர். பின்னர் அவர் ஆப்பிளில் சேர்ந்தார். 1983இல் வெளியான ஆப்பிள் லிசா கணினியில் எக்ஸ், சி, வி ஆகிய எழுத்துகள் இப்பணிகளுக்கு அமைந்தன. நம் பிள்ளைகளின் விரல்கள் இயல்பாக அறிந்திருப்பது இம்மரபையே.

இவ்விரு மரபுகளும் மோதும் இடத்தில்தான் குழப்பம் பிறக்கிறது. விம் நீட்சியை நிறுவினால், கண்ட்ரோலோடு சேர்த்து அழுத்தும் சில விசைகள் பழகியபடி இயங்கா. அமைப்பில் மாற்றினால்தான் அவை பழையபடி இயங்கும். தமிழில் தட்டெழுதும் பிள்ளைக்கு இன்னோர் இடரும் உண்டு. தமிழ் 99 விசைமுகம் இயங்கிக்கொண்டிருக்கும்போது, விம் எதிர்பார்க்கும் ஆங்கில எழுத்துக்குப் பதிலாகத் தமிழ் எழுத்து சென்று சேரும், கட்டளை நிறைவேறாது. தட்டச்சுப்பொறியின் பழைய விசைமுகத்திலிருந்து தமிழ் 99க்கு மாறிய ஆசிரியர்கள், விரல் பழக்கத்தை மாற்றுவது எத்துணைக் கடினம் என்பதை நன்கு அறிவர். விம் பழுதானது என்று நான் கூறவில்லை. அதில் தேர்ந்தவர்கள் மிக விரைவாக வேலை செய்கிறார்கள். ஆனால், அதை விரும்பிக் கற்பவர் நிறுவட்டும். பொதுக் கணினியில் எல்லார் மீதும் சுமத்த வேண்டா.

தேர்ந்தெடுக்கும்போது கருத வேண்டியவை

1. திருத்தியில் ஏற்கெனவே உள்ள வசதியை முதலில் ஒரு பருவம் முழுதும் பயன்படுத்துங்கள். அதன்பிறகும் குறை தோன்றினால் மட்டும் நீட்சியைத் தேடுங்கள்.

2. நீட்சியை வெளியிட்டவர் யார் என்று பாருங்கள். நீட்சிக்கு அத்திருத்திக்கு உள்ள அதே உரிமைகள் உண்டு. உங்கள் கோப்புகளை அதனால் படிக்கவும் மாற்றவும் இயலும். கேடு விளைவிக்கும் நீட்சிகள் கண்டறியப்பட்டு நீக்கப்பட்டதும் உண்டு. குடும்பத்தார் அனைவரும் பயன்படுத்தும் கணினியில் இதைச் சிறிதென எண்ணலாகாது.

3. புதிய நீட்சி எந்த விசைகளைக் கைப்பற்றியிருக்கிறது என்று பாருங்கள். கண்ட்ரோலும் கே-யும், அடுத்துக் கண்ட்ரோலும் எஸ்-உம் அழுத்தினால் குறுக்குவிசைகளின் முழுப்பட்டியலும் தோன்றும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு, நீட்சியை நிறுவுவதைவிட அங்கே இரண்டு விசைகளை மாற்றிக்கொள்வதே போதுமானது.

நான்காவதாக ஒன்று உண்டு. அதுவே எனக்குத் தலையாயது. ஒவ்வொரு முறை பதியும்போதும் 'ஏன் மாற்றினேன்' என்று ஒரு வரி எழுதும்படி கிட் கேட்கும். அவ்வரியைச் செயற்கை நுண்ணறிவால் தாமே எழுதித்தரும் நீட்சிகள் இப்போது வந்துவிட்டன. ஒரே விசையில் எல்லாவற்றையும் பதிந்து முடிக்கும் ஏற்பாடுகளும் உள்ளன. தொழில்புரிவோர்க்கு அவை உதவலாம். கற்கும் பிள்ளைக்கு அவை வேண்டா. எது மாறியது என்பதைக் கணினி ஒப்பிட்டுக் கூறிவிடும். ஏன் மாற்றினேன் என்பதை மாற்றியவரே அறிவார். அந்தக் காரணத்தைச் சொல்லில் வடிப்பதும் கல்விதான்.

கிட் ஒருங்குறியை ஏற்பதால், அந்த வரியைத் தமிழிலேயே எழுதலாம். "கூட்டல் விடை தவறாக வந்ததால் சுழற்சியின் எல்லையைத் திருத்தினேன்" என்று ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுதினால், அவன் நிரலையும் கற்கிறான். தமிழில் காரணம் கூறவும் கற்கிறான். ஓராண்டு கழித்து அவன் அப்பக்கத்தைத் திறந்து பார்க்கும்போது, தன் சிந்தனை வளர்ந்த வழியைத் தன் மொழியிலேயே காண்பான்.

ஆகவே பெற்றோரே, வீட்டில் பிள்ளை நிரல் எழுதும்போது எத்தனை நீட்சிகள் நிறுவியிருக்கிறாய் என்று கேட்க வேண்டா. இன்று என்ன காரணம் எழுதினாய் என்று கேளுங்கள்.

அன்புடன்,
தமிழாசிரியன்