மரோசான் சிற்றூரின் திராட்சை உழவர் கூட்டுறவு: விற்பனையில் பிறந்த மரபு

திராட்சை உழவர் கூட்டுறவு என்றதும் பெரிய தொட்டிகள் நிறைந்த பொதுக்கூடமே நினைவுக்கு வரும். ஆயினும், தென்பிரான்சில் பெசியே நகருக்கு அருகிலுள்ள மரோசான் சிற்றூரில் கூடம் எழுவதற்கு முன்னரே கூட்டுறவு தோன்றிவிட்டது. இவ்வரிசைமுறை உணர்த்தும் பொருளை இக்கட்டுரை ஆராய்கிறது.

1860களில் பரவத் தொடங்கிய ஃபிலாக்செரா எனும் வேர்ப்பூச்சி லாங்தோக் வட்டாரத் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டிய கொடிகளால் தோட்டங்கள் மீண்டன. ஆனால், விளைச்சல் பெருகியதும் விலை சரிந்தது. சர்க்கரையும் நீரும் கலந்த போலிமது சந்தையில் புகுந்து நிலைமையை மேலும் மோசமாக்கியது. மதுவைச் சேமித்துவைக்க வசதியற்ற சிறு உழவர், வணிகர் சொன்ன விலைக்கே விற்க நேர்ந்தது. அவர்களுள் பலர் பெரும்பண்ணைகளில் கூலிவேலையும் செய்தவர்கள்.

இச்சூழலில், 1901ஆம் ஆண்டு எலி கத்தலா முதலியோர் மரோசானில் ஒரு சங்கத்தை நிறுவினர். அதன் பெயருக்குச் 'சுதந்திரத் திராட்சை உழவர்' என்பது பொருள். உறுப்பினர் தத்தம் வீடுகளில் தயாரித்த மதுவை ஒன்றுசேர்த்து, பாரிஸ் நகர நுகர்வோர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு நேரடியாக விற்றனர். உழவரும் நகரத் தொழிலாளரும் இடைத்தரகரின்றிச் சந்தித்தனர். பெயரிலுள்ள 'சுதந்திரம்' வணிகரின் பிடியிலிருந்து பெற்ற விடுதலையையே சுட்டுகிறது எனலாம்.

விற்பனை விரிவடைந்ததும் மதுவின் தரத்தை ஒரே சீராகப் பேணவேண்டிய தேவை எழுந்தது. அதன் விளைவாக 1905இல் பொதுக்கூடம் கட்டப்பட்டது. எல்லாரும் ஒவ்வொருவருக்காக, ஒவ்வொருவரும் எல்லாருக்காக என்னும் கொள்கை அதன் முகப்பில் பொறிக்கப்பட்டது. சோசலிசத் தலைவர் ழான் ழோரேஸ் அவ்வாண்டு மரோசானுக்கு நேரில் வந்து, இம்முயற்சியைப் பாராட்டி எழுதினார்.

1907இல் மார்செலின் ஆல்பெர் தலைமையில் அவ்வட்டாரமே கிளர்ந்தெழுந்தது. ஜூன் 9ஆம் நாள் மோன்பெலியே நகரில் பல இலட்சம் மக்கள் திரண்டனர். அம்மாதமே நார்போன் நகரில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. ஜூன் 29ஆம் நாள் போலிமதுவைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. அச்சட்டம் கலப்படத்தை ஒடுக்க முனைந்தது. எனினும், சிறு உழவருக்கு விலைபேசும் வலிமையைத் தரவில்லை. அவ்வலிமையைத் தேடியே பின்வந்த பதின்ம ஆண்டுகளில் லாங்தோக் ஊர்கள் பலவும் மரோசானின் வழியைப் பின்பற்றின.

ஆகவே, பொதுக்கூடத்தைக் கூட்டுறவின் தொடக்கமாகக் கொள்வது பொருந்தாது; அது கூட்டுறவின் விளைவே. விளைபொருளுக்குரிய விலையைத் தாமே பேசும் உரிமையே இம்மரபின் வேர். அவ்வுரிமை நழுவுமாயின் எஞ்சுவது வெறும் கட்டடமே.